முன்லைட்டுக்கு ஏன் துணி போட்டேன்

கராஜ் வேலையை விட்டு நான் நின்ற அன்று கேக் வெட்டினார்கள். எனக்குச் சீனி வருத்தம் என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கேக். வெட்டி முடிந்த கையோடு ரிஸ்வான் கேட்டான். அவன்தான் இப்போது கராஜை நடத்துகிறவன், என் பழைய முதலாளியின் பேரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"யோகன் மாமா, இண்டைக்காச்சும் சொல்லிற்றுப் போங்க. ஒவ்வொரு நாளும் வெளிக்கிடக்குள்ள லைட்டுக்கெல்லாம் துணி போட்டு மூடுறீங்களே, அது என்னத்துக்கு? தூசிக்கெண்டு சொல்லாதீங்க. அந்தத் துணியிலதான் கூடத் தூசி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா லைட்டுக்குச் சாறி உடுத்தாமல் வீட்டுக்குப் போகமாட்டார் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியாததா? நானும் சிரித்து, "தூசிக்குத்தான்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து மூன்று மாதம் கழித்து, போன கிழமை ரிஸ்வான் போன் எடுத்தான். புது மெஷின் இறக்கியிருக்கிறானாம். ஒரு கோப்பைக்குள் மருந்தை ஊற்றிச் சூடாக்கினால் புகை வருமாம். அந்தப் புகையை மங்கிப்போன லைட்டுக்குக் காட்டினால் ஒரு நிமிடத்தில் கண்ணாடி போல வந்துவிடுமாம். நாங்கள் அரை நாள் நின்று செய்த வேலை. சரி, காலம் மாறத்தான் செய்யும். பிறகு அவன் சொன்னான்:

"மாமா, உங்கட பழைய தட்டைத் துப்புரவாக்கினோம். ஒரு பெட்டிக்குள்ள வலப்பக்க லைட் ஒண்டு சுத்தி வச்சிரிக்கி. நல்ல சாமான். அதுக்குப் புகையடிச்சுப் பாக்கவா?"

"தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் குசினிக்குள் இருந்து என் மனைவி ஓடிவந்துவிட்டாள். அவளுக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரிஸ்வான், ஆறுதலாக இருந்து வாசி.

நான் முதலில் பெயின்ட் அடிக்கிற வேலைதான் பழகினேன். அது நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை. இருமிக்கொண்டு திரிந்த என்னை மஜீத் காக்கா கூப்பிட்டு, "தண்ணியில செய்யிற வேலை ஒண்டிரிக்கி, வாறியா?" என்று கேட்டார். காத்தான்குடி ஆள், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நாவற்குடா மெயின் ரோட்டில், பின்பக்கம் வாவி தெரிகிற இடத்தில் கராஜ் வைத்திருந்தார். அந்த நாட்களில்தான் வாகனங்களின் முன்லைட் கண்ணாடி போய் பிளாஸ்டிக் வரத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மேலே நம்முடைய வெயில். புதிதாக இறக்கின வாகனத்தின் லைட்டும் நாலைந்து வருடத்தில் புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிடும். ஆட்கள் எங்களிடம் வந்தே ஆகவேண்டும். இரண்டு வருடத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனி வெளிறிப்போனதுதான் மிச்சம்.

வேலை இதுதான். லைட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். எண்ணூறாம் நம்பர் வோட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் பிடிக்கிற உப்புத்தாளை, நனைத்து இடம் வலமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும், பிறகு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடும். வெள்ளை வந்தால்தான் அடுத்த பேப்பர். ஆயிரத்து ஐந்நூறை மேலிருந்து கீழாகப் பிடிக்க வேண்டும், இரண்டாயிரத்தைத் திரும்பவும் இடம் வலமாக. நம்பர் கூடக் கூடப் பேப்பர் மெல்லிசு, ஒவ்வொரு பேப்பரும் முந்தின பேப்பர் போட்ட கீறலைத்தான் அழிக்கிறது. கடைசியில் கொம்பவுண்ட் என்கிற பொலிஷ் பசையைப் பூசி மெஷின் பிடிப்பது. மெஷினை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு நின்றால் பிளாஸ்டிக் கருகும். கருகினால் போச்சு, பிறகு எந்த மன்னனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் முடிந்து லைட் பளபளவென்று இருக்கும். நமக்கு வேலை முடிந்தது போல இருக்கும். காக்காவுக்கு முடியாது. மீன் வாடியில் இருந்து எடுத்துவந்த ஐஸைப் பெரிய பேசினில் தண்ணீரோடு வைத்திருப்பார். அதற்குள் லைட்டின் முகத்தைப் பத்து எண்ணும்வரை வைத்து எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றி, வாயருகே பிடித்து "ஹா" என்று ஊதுவார். நமது ஊர்ச் சூட்டில் சும்மா ஊதினால் ஒன்றும் பிடிக்காது, அதற்குத்தான் ஐஸ். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் மூச்சுப் பட்டு வெண்மையாகப் படியும். அப்போது பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல், கறை, விரல் ரேகை எல்லாம் அந்த வெண்மைக்குள் எழும்பி வரும். ஐந்து எண்ணுவதற்குள் மறைந்துவிடும்.

"ஊதினாத் தெரியிறது எதுவும் தேயிபடாதது. திரும்ப எண்ணூறு." இவ்வளவுதான் அவர் சட்டம். ஏச மாட்டார், சத்தம் போட மாட்டார். வேலை பிழை என்றால் லைட்டைத் திரும்பக் கொண்டுவந்து உன் மேசையில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நீ திருத்திக் கொடுக்கும்வரை அந்த முகம் திரும்பாது. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது பெரிய தண்டனை.

அவர் ஊதுவதை ஆட்கள் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள். காத்தான்குடிப் பெரியவர் ஒருவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஊதினால் என்ன நினைப்பார்கள்? ஓதி ஊதுகிறார் என்றுதான். "காக்கா ஓதின லைட்டு, மாடு குறுக்க வராது" என்று களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். "ஓதல்ல தம்பி, பாக்கிறன்" என்று அவர் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

ஒரு தடவை நானே பயந்துபோனேன். ஏறாவூர் ஆள் ஒருவரின் காரில் இருந்து கழற்றின லைட். கழுவி வெயிலில் வைத்தேன். உள்பக்கமாக நீராவி பிடித்தது. பிடித்த நீராவிக்குள் ஒரு உள்ளங்கை, நாலு விரலும் விரிந்தபடி. துடைத்தேன், போகவில்லை. கை உள்ளே இருந்தது. லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கம்பனி ஒட்டின பசை ஒட்டினபடி இருந்தது. அதற்குள் கை போக வழியே இல்லை. நான் லைட்டை வைத்துவிட்டு வாவிக்கரையில் போய்க் குந்திவிட்டேன். காக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"ஜப்பான்ல ஒட்டக்குள்ள எவளோ ஒருத்தி கைய வச்சிரிக்காள், மடையா. அவள் இப்ப பேரப்பிள்ளையும் கண்டிருப்பாள்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல், ஊதும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது. யார் வருவார்களோ என்று.

இனித்தான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் கராஜில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் குணம் என்று ஒருவன் இருந்தான். வெள்ளை வான் ஒன்று வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினான். வாய் ஓயாத ஆள். ஃபேன் பெல்ட்டுக்குள் அகப்பட்டு வலக்கை நடுவிரல் நுனி இல்லை. "அண்ணன், என்னட்ட ஒம்பதரை விரல்தான், ஆனா பத்து விரல்காரனை விட வடிவா ஓடுவன்" என்பான். வருடத்துக்கு ஒரு தடவை லைட் தேய்க்க வருவான். வந்தால் நான் ஏசுவேன். காரணம், அந்த லைட்டில் திருநீறு காய்ந்து கட்டிபட்டிருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வானுக்குத் திருநீறு பூசிப் பொட்டு வைப்பது நம்முடைய ஆட்களின் வழமை, கண்ணாடியில் பூசினால் பாதகமில்லை. இவன் வானில் இரண்டு முன்லைட்டிலும் மூன்று குறி. வீட்டில் சாணம் சுட்டு எடுத்த திருநீற்றைத் தண்ணீரில் குழைத்தால் அதற்குள் ஒரு காரம் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கை அரிக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் ஊரில் லைட் தேய்க்கிறவனுக்கு மட்டும் தெரிந்த வியாதி.

"கல்லில பூசு, இரும்பில பூசு, உன்ட நெத்தியில பூசு. இதில பூசாத எண்டு எத்தினை தரம் சொல்லுற?"

"ஏசாதீங்க அண்ணன். வெள்ளிக்கிழமை பூசாம எடுத்தா அண்டைக்கு டயர் வெடிக்கும்."

ஒரு நாள் பொலன்னறுவைப் பக்கம் ஹயர் போனான். வரவில்லை. அவனும் வரவில்லை, வானும் வரவில்லை. அது எந்தக் காலம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போனவனைத் தேடிப் போனவனும் வராத காலம்.

சில மாதம் கழித்து அவன் மனைவி தவமணி கராஜ் வாசல் கேற்றுக்கு வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கோலம், கையில் குடை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"அண்ணன், எந்த வான் எண்டாலும் என்னைக்கோ ஒரு நாள் லைட் மங்கி உங்கட கைக்குத்தான் வரும். அவர்ர வான் வந்தா எனக்குச் சொல்லோணும்."

"சொல்லுறன் தங்கச்சி."

"செத்த சேர்ட்டிபிக்கற் எடுக்கச் சொல்லி எல்லாரும் நிக்கிறாங்க. நான் மாட்டன் எண்டுட்டன். வானும் இல்ல, ஆளும் இல்ல எண்டா என்ன கருத்து? எங்கயோ ஓடிக்கொண்டிருக்காரு எண்டுதான் கருத்து. வான் மட்டும் தனிய வரட்டும், அண்டைக்கு நான் பொட்டழிக்கிறன்."

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி வந்தாள். கேற்றுக்கு வெளியே நிற்பாள். "வந்ததா அண்ணன்?" நான், "இல்ல தங்கச்சி." போய்விடுவாள். யுத்தம் முடிந்தது. முடிந்த பிறகும் வந்தாள். எட்டு வருடம். ஒரு நாள் தேத்தண்ணி குடித்ததில்லை, கேற்றைத் தாண்டி ஒரு காலடி வைத்ததில்லை.

அந்த எட்டாம் வருட ஆடியில் களுவாஞ்சிக்குடியில் இருந்து ரியூசன் மாஸ்டர் ஒருவர் கடும்பச்சை வான் ஒன்றைக் கொண்டுவந்தார். குடும்பத்தோடு கதிர்காமம் போகிறாராம், காட்டுப் பாதை, லைட் போதாது என்றார். நல்ல மனிதர். ஆறாவது கையாக வாங்கினாராம். இடப்பக்க லைட் எங்கோ மதிலில் உரசி ஆழக் கீறியிருந்தது. அதை நானூறாம் நம்பரில் இருந்து தொடங்கிக் காலையிலேயே முடித்தேன். ஊதினேன், சுத்தம். வலப்பக்கம் வெறும் மஞ்சள்தான், எண்ணூறு போதும். பின்னேரம் மூன்று மணியளவில் அதையும் முடித்து, ஐஸில் வைத்து, ஒற்றி, ஊதினேன்.

மூன்று கோடு வந்தது. பக்கத்துப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு, நேராக. நடுவில் வட்டமாக ஒரு பொட்டு.

மறைந்தது. திரும்ப ஊதினேன். திரும்ப வந்தது. நடுக்கோடு மட்டும் மற்ற இரண்டையும் விட அரை விரல் பிந்தித் தொடங்கியது. பூசின கையில் நடுவிரல் சரியாகப் படவில்லை.

பட்டப்பகல். பக்கத்தில் வெல்டிங் நடக்கிறது, ரேடியோவில் யாரோ விளம்பரம் சொல்லிக்கொண்டிருக்கிறான். குணம் பக்கத்தில் நின்று, "அண்ணன், ஒம்பதரை விரல்" என்று சொல்கிற மாதிரியே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் திரும்பிப் பார்த்தேன்.

வானுக்குள் ஏறிக் கால்மிதியைத் தூக்கினேன். அடிச்சட்டத்தில் நம்பர் குத்தியிருக்கிற இடத்தை அராவி, வேறு நம்பர் குத்தியிருந்தார்கள். கதவு இடுக்கைச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே வெள்ளை. யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், இதை மட்டும் காணவில்லை. இது ஊதினால்தானே தெரியும். இடப்பக்க லைட்டிலும் இருந்திருக்கும். அதை நான் காலையில் என் கையாலேயே, பாட்டுக் கேட்டுக்கொண்டு அழித்திருக்கிறேன்.

காக்கா அப்போது வேலையை விட்டிருந்தார். கதவடியில் கதிரை போட்டு இருப்பார். லைட்டைக் கொண்டுபோய் ஊதிக் காட்டினேன். அவருக்குத் தவமணியைத் தெரியும், அவள் சொன்ன சொல்லும் தெரியும்.

"பொலிசுக்குப் போவமா காக்கா?"

"போய்? ஊதிக் காட்டப்போறியா? சிரிப்பானுகள். மறுகா அந்த மாஸ்டரப் போட்டு இழுப்பானுகள், பாவம்."

"அப்ப தேய்க்கவா?"

"ஊதினாத் தெரியிறதைத் தேயெண்டு நான்தான் சொன்னேன். இதைத் தேயெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல." லைட்டை என்னிடம் தந்தார். "நீயாப் போய்ச் சொல்லவும் வேணாம். ஆனா யோகன், அந்தப் புள்ள வந்து கேட்டா பொய் சொல்லாத. எனக்குச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். மாஸ்டருக்கு வேறொரு வலப்பக்க லைட் தேடிப் போட்டுக் கொடுத்தேன், பழையதில் வெடிப்பு என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். குணத்தின் லைட்டை மேல்தட்டில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தவமணி வந்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. நான் எழும்பிப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

"வந்ததா அண்ணன்?"

அவள் குடையில் ஒரு கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிவிட ஒரு துண்டு வயர் போதும் என்று நினைத்தேன்.

"இல்ல தங்கச்சி."

போய்விட்டாள். திரும்பி வந்தபோது காக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். பிழையான வேலைக்கு அவர் காட்டுகிற அதே முதுகு. இது எண்ணூறில் இருந்து தொடங்கித் திருத்துகிற வேலையா? எனக்கு அழுகை வந்தது. ஒரு பெண்ணின் நெற்றியில் இருக்கிற பொட்டை நான் எப்படி அழிப்பேன்? அடுத்த மாதம் சொல்வோம் என்று வைத்தேன். ஆவணியில், "இல்ல." புரட்டாதியில், "இல்ல." ஐப்பசியில் மழை தொடங்கியதும் காக்கா இருமலோடு வீட்டில் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன், முகம் இன்னும் சுவர்ப்பக்கம்தான். கார்த்திகையிலும் "இல்ல" என்றேன்.

அந்த மாரியில்தான் மற்றக் கூத்து தொடங்கியது. ஒரு நாள் காலை நான் கதவைத் திறந்தேன். மேல்தட்டில் இருந்த லைட் வெண்மையாக இருந்தது. அதற்குள் மூன்று கோடும் பொட்டும். கராஜில் நான் மட்டும்தான், யாரும் ஊதவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். இரவெல்லாம் சீமெந்துத் தட்டில் கிடந்து லைட் குளிர்ந்துவிடும், கதவைத் திறந்ததும் வாவிப் பக்கத்து ஈரக்காற்று போய்ப் படியும். மற்ற லைட்டுகளும் வெண்மையாகத்தான் இருந்தன. அவையெல்லாம் வெறுமையாக இருந்தன, இதில் மட்டும் ஆள் இருந்தது. காரணம் தெரிந்தும் நான் வெளியே வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மற்றவர்கள் வரும்வரை. உள்ளே யாரோ எனக்கு முதல் வந்து ஊதிவிட்டு நிற்கிற மாதிரி ஒரு எண்ணம். பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். நான் முதல் ஆளாகப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்துவிடுவேன். துடைத்துவிட்டால் ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்டிக்.

மார்கழி முதல் வெள்ளி. முதல் நாள் மேல்தட்டில் கூரை ஒழுகியதால் லைட்டை எடுத்து, கேற்றடியில் நின்றாலே தெரிகிற முன் மேசையில் வைத்திருந்தேன். அதன் மேல் ஒரு துணியைப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று காலை ரோட்டில் வெள்ளம், சைக்கிளை உருட்டிக்கொண்டு வரச் சுணங்கிவிட்டது. பெயின்ட் அடிக்கிறவர்கள் எனக்கு முதல் வந்து கதவைத் திறந்திருந்தார்கள்.

கேற்றில் தவமணியின் குடை சாத்தியிருந்தது. அவள் இல்லை.

உள்ளே பார்த்தேன். முன் மேசையடியில் நின்றாள், முதுகு என் பக்கம். பெயின்ட்காரர்கள் ஏன் என்று விளங்காமல் ஒதுங்கி நின்றார்கள். லைட் வெண்மையாக, மூன்று கோட்டோடு, பொட்டோடு அவள் முன்னால் இருந்தது. அவள் வலக்கை மூன்று விரலை அந்தக் கோடுகள் மேல் வைத்திருந்தாள். கோடு முடிகிற இடம்வரை மெல்ல இழுத்தாள். அச்சுப் போலப் பொருந்தியது.

"நீங்க இது அவர்ர கை எண்டுதானே நினைச்சீங்க, அண்ணன்?" திரும்பாமலே கேட்டாள். நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியுமோ.

"ஓம்."

"அவரு ஒரு நாளும் பூசல்ல. வெட்கம். நான்தான், அவரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள ஓடிப்போய்ப் பூசிற்று வருவன்." கையைத் தூக்கிக் காட்டினாள். நடுவிரல் நிமிராமல் வளைந்து நின்றது. "சின்னதில தேங்காய் திருவுற திருவலையில வெட்டி நரம்பு போயிற்று. இது எப்பவும் பிந்தித்தான் படும்."

எட்டு வருடம் அந்தக் கை குடை பிடித்து நின்றது, நான் கண்டதில்லை. நான் குணத்தைக் கண்டு பயந்தேன். அது குணம் இல்லை. அவள். உயிரோடு இருக்கிறவள்.

"எப்ப வந்தது?"

"ஆடியில."

"ஆள்?"

"வேற ஆள் தங்கச்சி. ஒரு மாஸ்டர். அவருக்கு ஒண்டும் தெரியாது." "மன்னிச்சுக்கொள்ளுங்க. அஞ்சு மாசம் உங்களுக்குப் பொய் சொல்லிற்றன்."

"தெரியும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை.

"எட்டு வருசமா என்ட முகத்தைப் பாத்துத்தான் இல்ல எண்டு சொன்னீங்க. ஆடியில மட்டும் குடையைப் பாத்துச் சொன்னீங்க. அண்டைக்கே எனக்கு விளங்கிற்று."

"விளங்கியுமா பிறகும் வந்து கேட்டீங்க?"

"நீங்க இல்ல எண்டு சொன்னா எனக்கு அந்த மாசத்துக்குப் போதும்."

சாறித் தலைப்பை எடுத்தாள். லைட்டை ஒரு குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரித் துடைத்தாள். கோடும் போனது, பொட்டும் போனது. பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இண்டைக்கு இதை மூடி வச்சிருக்கலாமே, அண்ணன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரிஸ்வான், உன் கேள்விக்கு மறுமொழி இதுதான். அன்று பின்னேரமே காக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எந்த லைட்டையும் நான் மூடாமல் விட்டு வந்ததில்லை. யாருடைய கை எதற்குள் இருக்கிறதென்று எனக்கு என்ன தெரியும், யார் எப்போது வந்து கேற்றடியில் நிற்பார்கள் என்றுதான் என்ன தெரியும். அந்தப் பெட்டியில் இருக்கிறதுக்குப் புகையும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். இருந்த மாதிரியே சுற்றி வை. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

தை மாதம் முதல் வெள்ளி நான் கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. பங்குனியில் ஒரு நாள் பஸ் ஹோல்ட்டில் கண்டேன். ஒரு கம்பி கழன்ற அதே குடை. என்னைக் கண்டு தலையசைத்தாள், நானும் அசைத்தேன். பொட்டு இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, மூன்று கோடு. நடுக்கோடு மட்டும் அரை விரல் பிந்தித் தொடங்கியிருந்தது.